மூச்சை எண்ணாதீர்கள்

ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது என் கண்ணை அதிகம் உறுத்துபவை இடம் மாறி நிற்கும் கோலனும் செமிகோலனும்தான். இதற்கு அவற்றின் தமிழ்ப் பெயர்களும் ஒரு காரணம் என்பேன். கமா காற்புள்ளி, செமிகோலன் அரைப்புள்ளி, கோலன் முக்காற்புள்ளி, ஃபுல் ஸ்டாப் முற்றுப்புள்ளி என்று பள்ளியில் இவற்றை நிறுத்தத்தின் அளவாகவே படித்தோம். 1795-இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணமும், கமாவைப் போல் இருமடங்கு செமிகோலன், அதைப் போல் இருமடங்கு கோலன் என்றுதான் அளந்தது. இன்றைய ஆங்கிலத்தில் கணக்கு வேறு. செமிகோலனுக்கு இருபுறமும் தனித்து நிற்கும் முழு வாக்கியம் வேண்டும். (பட்டியலின் உறுப்புகளுக்குள்ளேயே கமா வந்தால் அவற்றைப் பிரிக்கவும் அது உதவும், அது தனி விதி.) இரண்டாம் வாக்கியம் 'ஹவ்எவர்' என்று தொடங்கினால் அதற்கு முன் வெறும் கமா போதாது. கோலனுக்கோ இடப்பக்கம் மட்டும் முழுமை பெற்றால் போதும். வலப்பக்கம் விளக்கமோ பட்டியலோ ஒற்றைச் சொல்லோ வரலாம். ஆகவே 'வீ நீட்: ரைஸ், சால்ட், ஆயில்' என்பது தவறு, 'வீ நீட் த்ரீ திங்ஸ்: ரைஸ், சால்ட், ஆயில்' என்பதே சரி. ஆசிரியர்களே, மாணவரை மூச்சை எண்ணச் சொல்லாதீர்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பதைத் தனியே வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.