காதால படிச்சா கேவலமா?

மக்களே, ரொம்ப நாளா உள்ள கிடந்த எரிச்சல், கொட்டிடறேன். 'பொன்னியின் செல்வனை ஆடியோவுல கேட்டவன்லாம் படிச்சவன் கணக்குல வரமாட்டான்'னு ஒரு கோஷ்டி சொல்லிக்கிட்டுத் திரியுது.

ஐயா அறிவுஜீவிகளே, ஒருநாள் எங்க காத்திவாக்கம் பக்கம் வாங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி ஊர்ந்து ஊர்ந்து போகும். ஸ்டியரிங் பிடிச்ச கையில அஞ்சு பாகத்தையும் எப்படிப் பிடிக்கறதாம்? நைட் ஷிப்ட் முடிச்சு, கண்ணு எரிய கும்மிடிப்பூண்டி லோக்கல்ல வர்றவருக்குக் காது மட்டும்தான் மிச்சம்.

நம்மூர்ல காது எப்ப மட்டமாச்சு? திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் படிச்சா ஊரே உக்காந்து கேட்டுச்சு. படிப்பகத்துல ஒருத்தர் பேப்பரை உரக்கப் படிக்க, எழுத்துத் தெரியாதவங்க அரசியல் கத்துக்கிட்டாங்க. கியூபாவுல 1865லேருந்து சுருட்டுத் தொழிலாளிங்க சொந்தக் கூலியில காசு போட்டு, நாவல் வாசிக்கவே ஆள் வச்சிருந்தாங்க. அவங்களையும் தள்ளி வச்சிடுவீங்களா?

என் சண்டை கேக்கறவங்களோட இல்ல, ஒலிப்புத்தகம் போடறவங்களோட. சரித்திரம்னு தேடினா கல்கியும் சாண்டில்யனும்தான் முன்னாடி வந்து நிக்கறாங்க, வாள் சத்தத்தோட. ஆதித்த கரிகாலன் கொலையையே எடுத்துக்குங்க. உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனோட 2ஆம் ஆட்சியாண்டு. துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பேரெல்லாம் அதுல இருக்கு. அவங்களும் உறவுக்காரங்களும் வச்சிருந்த நிலம் என்னாச்சுன்னும் இருக்கு. நந்தினி? சுத்தமா கல்கியோட கற்பனை. ஆனா காதுல ரவிதாசனும் நந்தினியும் ஒரே மாதிரி உயிரோட வந்து பேசறாங்க. எது கல்லுல இருந்தது, எது கல்கி மனசுல இருந்ததுன்னு கேக்கறவருக்கு யார் சொல்றது?

சதாசிவ பண்டாரத்தாரோட 'பிற்காலச் சோழர் வரலாறு' இருக்கே, அதை வாசிங்களேன். உரிமைப் பிரச்சினைன்னு சாக்கு வேண்டாம். அவர் 1960ல மறைஞ்சவர், 60 வருஷக் காப்புரிமை 2020ஓட முடிஞ்சுது. நாவல்தான் போடுவேன்னு அடம்பிடிச்சா, அத்தியாயம் முடிஞ்சதும் ஒரே ஒரு நிமிஷம் 'இது கல்வெட்டு, இது கற்பனை'ன்னு சொல்லுங்க. கட்டணம் வாங்கறீங்கல்ல!

'அடிக்குறிப்பையெல்லாம் யார் கேப்பாங்க, போரடிக்கும்'னு பதில் வரும், தெரியும். காலட்சேபம் பண்ற பாகவதர் நடுவுல கதையை நிறுத்திட்டு அரை மணி நேரம் விளக்கம் சொல்லுவார். யாரும் எந்திரிச்சுப் போனதில்ல. (சுண்டலுக்காக உக்காந்திருந்தாங்கன்னு சொல்லாதீங்கப்பா :-))