சின்ன பாத்ரூமுக்கு ஸ்பிரிங்க்ளர் எதற்கு?

"பாத்ரூம் சின்னதுதானே சார், அமெரிக்காவிலேயே அங்கே ஸ்பிரிங்க்ளர் வேண்டாம் என்கிறார்களே!" என்று அடுக்குமாடிக் கூட்டங்களில் சிலர் அடித்துப் பேசுகிறார்கள். விதியில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 13 தரநிலை, வீட்டுக்குள் 55 சதுர அடிக்கு மேற்படாத குளியலறைக்கு விலக்கு தருவது நிஜம். கூடவே நிபந்தனையும் உண்டு. சுவரும் கூரையும் எளிதில் எரியாத பொருளாக இருக்க வேண்டும். 15 நிமிடம் வெப்பத்தைத் தடுத்து நிற்க வேண்டும்.

நம் 5க்கு 8 பாத்ரூம் 40 சதுர அடிதான். அளவில் பாஸ். ஆனால் மேலே பி.வி.சி. ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒயர், பக்கத்தில் கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன், மூலையில் வாஷிங் மெஷின். ஒயர் சூடேறி உருகினால், வாளித் தண்ணீர் தானாக எழுந்து வந்து அணைக்குமா?

வெந்நீர் ஆவிக்கே ஸ்பிரிங்க்ளர் திறந்துவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். வழக்கமான கண்ணாடிக் குமிழ் உடைய 68 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் யாரய்யா குளிப்பது?

விலக்கு வேண்டுமென்றால் நிபந்தனையோடு எடுங்கள், முதலில் பி.வி.சி. கூரையைக் கழற்றுங்கள். கழற்ற மனமில்லையா, ஒரு ஸ்பிரிங்க்ளர் வையுங்கள். இரண்டும் மாட்டேன் என்பது சிக்கனம் அல்ல. வீட்டில் இருப்பவர்கள் உயிரோடு விளையாடுவது.