போட்டி ஓய்ந்தது, விலை ஏறியது

தொலைக்காட்சியோ கைப்பேசியோ கடைக்கு வந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டால் விலை இறங்கியிருக்கும். கேம் கன்சோல்களும் பல தலைமுறைகளாக அப்படித்தான் விற்றன. 2006-இல் அமெரிக்காவில் 599 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 3, மூன்றே ஆண்டில் ஒல்லியான புது வடிவம் எடுத்து 299 டாலருக்கு இறங்கியது. அதற்கு முந்தைய பிளேஸ்டேஷன் 2, 2009-இல் 99 டாலருக்கே கிடைத்தது. இந்தத் தலைமுறையில் வழக்கம் தலைகீழாகிவிட்டது. 2020 நவம்பரில் 499 டாலருக்கு வெளியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2025 மே மாதம் 599 ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் 649 ஆனது. பிளேஸ்டேஷன் 5 விலையை 2025 ஆகஸ்டில் சோனி 50 டாலர் ஏற்றியது. இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு வந்த அந்த கன்சோல் 2022 நவம்பரிலேயே 54,990 ரூபாய் ஆகிவிட்டது.

அதே 2025 அக்டோபரில் கேமர்கள் பலர் கொண்டாடிய இன்னொரு செய்தியும் வந்தது. ஹேலோவின் முதல் பாகம் புதுப்பிக்கப்பட்டு, 2026-இல் பிளேஸ்டேஷன் 5-க்கும் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2001 நவம்பரில் முதல் எக்ஸ்பாக்ஸோடு சேர்ந்து வந்த கேம் அது. அந்தக் கறுப்புப் பெட்டியைப் பலர் வாங்கியதே ஹேலோவுக்காகத்தான். சோனி பக்கம் இருந்தவர்கள் கால் நூற்றாண்டாக எட்ட நின்று பார்த்த கேம் வேலி தாண்டியதும், கன்சோல் போர் முடிந்தது என்ற பேச்சு எழுந்தது. நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் விலைப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போட்டி தளர்ந்ததற்கும் விலை ஏறியதற்கும் தொடர்பு உண்டு.

போட்டி உச்சத்தில் இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலாக நடந்த இ3 கேம் கண்காட்சியே சாட்சி. சேகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் காலின்ஸ்கி மேடையேறி, சேட்டர்ன் கன்சோல் அன்றே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர் என்றார். செப்டம்பரில் வரவேண்டியதை நான்கு மாதம் முன்னதாகவே இறக்கியிருந்தார்கள். அடுத்து சோனி. நின்டெண்டோவோடு போட்ட கூட்டு முறிந்த கோபத்தில் கென் குதராகி முன்னின்று உருவாக்கிய பிளேஸ்டேஷனோடு, கன்சோல் சந்தைக்குப் புதிதாக வந்திருந்தது அந்த நிறுவனம். அதன் அமெரிக்கப் பிரிவின் ஸ்டீவ் ரேஸ் ஒலிவாங்கி முன் வந்து நின்றார். "299" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அந்த ஒற்றை எண்ணால் வாங்குபவருக்கு 100 டாலர் மிச்சம். சேட்டர்ன் அந்த அடியிலிருந்து எழவே இல்லை. 2001-இல் தன் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்டை நிறுத்திவிட்டு, சேகா கன்சோல் தயாரிப்பிலிருந்தே விலகியது. ஒரு காலத்தில் மாரியோவுக்கு எதிரியாக நிறுத்தப்பட்ட சோனிக் முள்ளெலி, அதே ஆண்டு நின்டெண்டோவின் கன்சோலில் ஓடத் தொடங்கியது.

2013-இல் நடந்தது இதைவிட முக்கியமானது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்டியாக வேண்டும், வாங்கிய டிஸ்க்கை நண்பருக்குக் கொடுக்கவும் மறுவிற்பனை செய்யவும் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. சோனி ஒரு குறும்படத்தில் பதில் சொன்னது. சோனியின் ஷுஹெய் யோஷிடா டிஸ்க்கை எடுத்துப் பக்கத்தில் நின்ற சக ஊழியரிடம் நீட்டுகிறார். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். பிளேஸ்டேஷன் 4-இல் கேமைப் பகிரும் வழி இவ்வளவுதான் என்பது அதன் செய்தி. விலையும் 499-க்கு எதிராக 399. அந்த ஆண்டு இ3 கண்காட்சி முடிந்து சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டுப்பாடுகளை மொத்தமாகக் கைவிட்டது. பழைய டிஸ்க் வாங்கி, ஆடி முடித்து, விற்று, அந்தக் காசில் அடுத்த டிஸ்க் வாங்கும் கோடிக்கணக்கானோரின் உரிமையைக் காப்பாற்றியது எந்தச் சட்டமும் அல்ல. எதிர்க்கடை ஒன்று இருந்ததுதான் காப்பாற்றியது.

அதே கண்காட்சியில் சோனி இன்னொன்றையும் சொன்னது. கைதட்டலில் அது பலர் காதில் விழவில்லை. பிளேஸ்டேஷன் 3-இல் இலவசமாக இருந்த இணையவழி ஆட்டத்துக்கு, பிளேஸ்டேஷன் 4-இல் சந்தா கட்ட வேண்டும். எக்ஸ்பாக்ஸ் முன்பிருந்தே வசூலித்துவந்த பணம் அது. ஆகவே நிறுவனங்களை நல்லவர், கெட்டவர் என்று பிரிப்பது வீண். ரஜினி, கமல் ரசிகர் சண்டைபோல வீட்டில் இருக்கும் பெட்டியைத் தன் கட்சியாக்கிக்கொண்டு, அடுத்தவர் பெட்டியையும் அதை வைத்திருப்பவரையும் ஏசுவது கேமர்கள் விட்டொழிக்க வேண்டிய பழக்கம். ஆட்டத்துக்கு மதிப்பெண் குறைத்துப் போட்ட விமர்சகர்கள்மீது வசை பொழிந்ததெல்லாம் இந்தச் சண்டையின் அசிங்கமான பக்கம். அது ஒழிந்தால் நல்லது. ஆனால் நிறுவனங்கள் ஒன்றையொன்று கண்டு அஞ்சிய காலமும் அதோடு ஒழிந்துபோனால் நட்டம் ஆடுபவருக்கு.

அஞ்ச வேண்டிய தேவை ஏன் குறைந்தது? மைக்ரோசாஃப்ட் தோற்றுவிட்டதால். ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்க முயன்றபோது, அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், கன்சோல் போரில் தாங்கள் தோற்றுப்போனதாக அந்த நிறுவனமே 2023-இல் நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வாங்கியும் முடித்தது. அத்தனை பணம் கொட்டியவர்கள் தங்கள் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கேம் விற்று அதைத் திரும்ப எடுக்க முடியாது. 2024 தொடக்கத்தில் நான்கு கேம்கள் மற்ற கன்சோல்களுக்குப் போயின. 2025 ஆகஸ்ட் 26 அன்று எக்ஸ்பாக்ஸின் கியர்ஸ் ஆஃப் வார் பிளேஸ்டேஷனுக்கு வந்தது; அதே நாளில் சோனியின் ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸுக்குப் போனது.

கேம்கள் இப்படி வேலி தாண்டுவதை எதிர்க்க ஒரு காரணமும் இல்லை. தமிழ்க் குடும்பம் ஒன்று கனடாவில் வேர்பிடிப்பதை இட்லியும் புட்டும் பிரியாணியும் வழியாகச் சொல்லும் 'வெண்பா', 2023 ஜூலை 31 அன்று நின்டெண்டோவின் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றிலும் ஒரே நாளில் வெளியானது. டொராண்டோவின் சிறிய ஸ்டுடியோ ஒன்று செய்த கேம் அது. மறு ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதையும் வென்றது. ஏதாவது ஒரு பெட்டிக்குள் அதை அடைத்து வைத்திருந்தால் எத்தனை பேர் அந்தச் சமையலறையைப் பார்த்திருப்பார்கள்?

கேம் பொதுவாவது வேறு. விலையிலும் உரிமையிலும் போட்டி இல்லாமல் போவது வேறு. விலை ஏறுவதற்கு நிறுவனங்கள் பொருளாதாரச் சூழலைக் காரணம் காட்டுகின்றன. அதில் உண்மை இருக்கிறது. சிப்புகளின் தயாரிப்புச் செலவு முன்புபோல ஆண்டுக்கு ஆண்டு சரிவதில்லை. அமெரிக்க இறக்குமதி வரிகளும் சேர்ந்துகொண்டன. ஆனால் பிளேஸ்டேஷன் 3-இன் தொடக்க ஆண்டுகளிலும் தயாரிப்புச் செலவு விற்பனை விலையைவிட அதிகம்தான். அந்த நட்டத்தைச் சோனி தன் தலையில் ஏற்றுக்கொண்டு விலையைக் குறைத்தது. ஒரு பக்கம் விலை குறைந்த எக்ஸ்பாக்ஸ் 360, மறுபக்கம் 249 டாலருக்கு விற்ற நின்டெண்டோவின் வீ. வாங்குபவர் அங்கே போய்விடுவார் என்ற பயம் அப்போது இருந்தது. 2025-இல் எக்ஸ்பாக்ஸே 649 டாலருக்கு ஏறிவிட்டபோது பிளேஸ்டேஷனுக்கு என்ன அவசரம்? மாதச் சந்தாவும் விதிவிலக்கல்ல. மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபரில் ஒரே தாவலில் 19.99 டாலரிலிருந்து 29.99-க்குப் போனது.

மிகவும் வலிப்பது ஸ்டுடியோக்களின் கதை. வேலி தாண்டிய முதல் நான்கு கேம்களில் ஒன்று ஹைஃபை ரஷ். டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸ் உருவாக்கி, ஆடியவர்களும் விமர்சகர்களும் ஒருசேரப் பாராட்டியது. 2024 மார்ச்சில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. மே மாதம் அந்த ஸ்டுடியோவை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பிறகு கொரிய நிறுவனமான கிராஃப்டன் எடுத்துக்கொண்டதால் அது பிழைத்தது. சோனி பக்கமும் இதே நிலைதான். கான்கார்ட் என்ற கேமை 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்டு, இரண்டே வாரத்தில் திரும்பப் பெற்றது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அக்டோபரில் அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டுடியோவையே மூடியது. ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் வேலை இழந்தார்கள். பெட்டிகளுக்காகச் சண்டையிடும் ரசிகர்கள் இவர்களுக்காக அதே குரலை உயர்த்தியிருக்க வேண்டும்.

உரிமை விஷயத்தில் 2013-இன் வெற்றியும் கரைந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூனில் 449.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2-இல் சில கேம் அட்டைகளுக்குள் கேமே இருப்பதில்லை. பதிவிறக்கம் செய்ய அனுமதிக்கும் சாவி மட்டும்தான் இருக்கிறது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதும், தி க்ரூ என்ற கார்ப் பந்தய கேமைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்கூடத் தனியாக ஆட முடியாமல் போனது. அதைக் கண்டு தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனு ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. எங்கள் கன்சோலில் வாங்கிய கேம் உங்களிடமே இருக்கும் என்று சொல்லி விற்கப் பெரிய நிறுவனம் எதுவும் இந்த முறை குறும்படம் எடுக்கவில்லை.

2025 நவம்பரில், கணினி கேம் கடையான ஸ்டீமை நடத்தும் வால்வ் ஒரு சிறிய சதுரப் பெட்டியைக் காட்டியது. பெயர் ஸ்டீம் மெஷின். கணினி கேம்களை வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவருவது. 2026 தொடக்கத்தில் வரும் என்றார்கள். உள்ளே இருக்கும் சிப், நினைவகம், அதோடு கன்ட்ரோலர் எல்லாவற்றையும் அன்று விவரித்தார்கள், விலையைச் சொல்லவில்லை. சோனியும் மைக்ரோசாஃப்டும் தங்கள் விலையை இறக்கிப் பதில் சொல்லும்படியான எண்ணாக அது அமையுமா என்பதைத்தான் கன்சோலுக்குக் காசு சேர்த்துவரும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும்.