கண்ணும் நாவும் ஹலாலை அறியுமா?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் மலேசியா சென்று வர முடிகிறது. பினாங்கு செல்லும் நம் குடும்பங்கள் பலவற்றில், பார்க்க வேண்டிய இடங்களுக்கு முன்பே சாப்பிட வேண்டிய கடைகளின் பட்டியல் தயாராகிவிடுகிறது. பட்டியலைத் தருவது கைப்பேசி. அதில் முதலிடம் நாசி கண்டாருக்கு.

அது நமக்கு அந்நிய உணவல்ல. தமிழ் முஸ்லிம்கள் காவடிபோல் தோளில் தடி வைத்து, சோற்றையும் கறியையும் சுமந்து விற்றதில் பிறந்தது. ‘கண்டார்’ என்பது அந்தத் தடியையே குறிக்கும். அன்று சாப்பிடுபவரை அழைத்தது விற்பவரின் குரலும் மசாலா வாசனையும். விற்பவரின் முகமும் எதிரிலேயே இருந்தது.

இன்று நமக்கு முன்பே கண் போய்விடுகிறது. சோறு மூழ்கப் பல குழம்புகளை ஊற்றும் ரீல்ஸைப் பார்த்தாலே நாவூறுகிறது. வாசனையும் காரமும், கையால் பிசைந்து உண்ணும் சுகமும் நேரில் போனால்தான் கிடைக்கும். அதற்காகப் பயணம் போவது ஆகுமானதே.

ஆனால், நட்சத்திரம் அதிகமானால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று மனம் தீர்ப்பளித்துவிடுகிறது. 2022 டிசம்பரில் பினாங்குக்கு வந்த மிச்செலின் கையேடும் சமையல் தரத்தைத்தான் அளக்கிறது. ஹராமான இறைச்சியும் படத்தில் அழகாக இருக்கும், நாவுக்கும் ருசிக்கும். ஐம்புலன்களில் எதுவும் ஹலாலை அறியாது. விசாரித்தே அறிய வேண்டும்.

மலேசியாவில் ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற பலகை ஹலால் சான்று ஆகாது. ஜாகிம் சான்று பெற்ற கடைகளை அதன் ஹலால் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். கைப்பேசியை இதற்கும் பயன்படுத்துவோம். அதே சமயம், சான்று இல்லை என்பதற்காகவே ஒரு முஸ்லிமின் கடையை ஹராம் என்று சொல்லிவிடக் கூடாது. கடைக்காரரிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

சாப்பிட்ட பின் நாம் எழுதும் விமர்சனமும் சாட்சியமே. நபி (ஸல்) அவர்கள் உணவைக் குறை கூறும் வழக்கம் இல்லாதவர்கள் என்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ள செய்தி. அசுத்தமோ ஏமாற்றோ இருந்தால் பிறர் நலனுக்காக எழுதலாம். காரம் நமக்கு ஒத்துவரவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் இடுவது ஒரு குடும்பத்தின் பிழைப்பில் கை வைப்பதாகும்.

செவி, பார்வை, உள்ளம் மூன்றும் விசாரிக்கப்படும் என்று குர்ஆன் (17:36) எச்சரிக்கிறது. கைப்பேசியில் பார்த்ததும் பதிந்ததும் அந்தக் கணக்கில் சேரும்.