கூலியைச் சாதிவாரியாகப் பிரித்த கணினி

மின்னாளுமை என்று பேச்செடுத்தாலே, "கணினிக்குச் சாதி தெரியாது, அதன் முன் எல்லாரும் சமம்" என்று ஒரு வாதம் வரும். 2021-இல் நூறு நாள் வேலைக் கூலிக்கு நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

அதுவரை ஒரு பணித்தளத்தில் வேலை செய்த எல்லாருக்கும் கூலி ஒன்றாகவே அனுப்பப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. 2021-22 நிதியாண்டு முதல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதரர் என மூன்று தனித்தனிப் பணப் பரிமாற்ற ஆணைகள். மென்பொருளில் சிறிய மாற்றம்தான். ஆனால் நிதித் தலைப்பு மூன்றானதும், எந்தத் தலைப்பில் பணம் தீர்ந்ததோ அந்தப் பிரிவினர் காத்துக் கிடந்தார்கள்.

ஒரே ஏரிக்கரை, ஒரே நாள், ஒரே மண். ஒருவர் கணக்கில் கூலி ஏறிவிட்டது, பக்கத்தில் மண் சுமந்தவருக்கு ஏறவில்லை. கிராமத்தில் இதற்கு என்ன பொருள் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. டெல்லியின் முடிவுக்கு எழும் கோபம் டெல்லிக்குப் போகாது, சேரிக்குத்தான் வரும். பிரிவுகளுக்கிடையே கசப்பு வளர்வதைச் சுட்டி, தமிழ்நாடு முதல்வர் மு.க. ஸ்டாலினும் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டின் இறுதிக்குள் இந்த முறை கைவிடப்பட்டது.

அப்படியானால் சாதிவாரிக் கணக்கே வேண்டாமா? வேண்டும். நமக்கான நிதி நமக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்க அந்தக் கணக்குதான் ஆயுதம். ஆனால் வேலை அட்டைப் பதிவிலேயே பிரிவு இருக்கிறது. கூலியை எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு, அறிக்கையைப் பிரித்து எடுத்திருக்கலாம். கணக்கெழுதுபவரின் வசதிக்காகக் கூலியைப் பிரித்ததுதான் தவறு.

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2023 ஜனவரி 1 முதல் பணித்தளங்களில் செயலி வழியாக வருகைப் பதிவு கட்டாயமானது, நாளுக்கு இரண்டு முறை புகைப்படத்தோடு. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிக் கூலி கட்டாயமானது. சிக்னல் இல்லையா? ஆதாரில் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா? இழப்பு தொழிலாளிக்குத்தான். மஸ்டர் ரோல் முடிந்த 15 நாட்களுக்குள் கூலி தர வேண்டும் என்ற கடமையை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் மீது வைத்தது. சர்வர் கோளாறு அந்தக் கடமையைத் தொழிலாளியின் தலையில் மாற்றிவிடக் கூடாது.

எனவே எந்தப் புதிய செயலி வந்தாலும் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதை முடிவு செய்யும் முன் பணித்தளத்துப் பெண்களிடம் பேசினீர்களா? செயலி வேலை செய்யாத நாளில் காகிதப் பதிவு செல்லுமா? பதிவு விடுபட்டால் அதை நிரூபிக்க வேண்டியது யார், அலுவலகமா, கூலியாளா?

மூன்றாவது கேள்விக்கு "அலுவலகம்" என்று பதில் எழுதித் தரட்டும். பிறகு செயலியின் அழகைப் பற்றிப் பேசலாம்.