காய்ந்த கரிசலிற் களையெடுத்தல்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வார் களைக்கொல்லியைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பாராயின் நகைக்க. விடுதியில் ஞாயிறுதோறும் இட்டிலியை எண்ணி எண்ணி உண்பார், அதன்கண் அரைபட்ட உளுந்து எந்நிலத்து விளைந்தது, களையினின்று எவ்வாறு பிழைத்தது என்று ஒருநாளேனும் வினவியதுண்டோ? அவ்வினாவை யாமே எழுப்பி, எம் சிற்றறிவிற்கு எட்டிய விடையையும் ஈண்டுக் கூறத் துணிந்தோம். எமக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. சென்ற ஆண்டு எம் கல்லூரிக் கட்டணத்திற்கென்றே விதைத்த உளுந்திற் பாதிக்குமேல் களைக்கு இரையாயிற்று.

எந்தையார் நிலம் கோவிற்பட்டிக்குக் கிழக்கே, மானாவாரிக் கரிசல், இரண்டு ஏக்கர். அப்பக்கத்து உழவர்க்கு வடகிழக்குப் பருவமழையொன்றே உறுதி. அது பெரும்பாலும் அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்னே புரட்டாசியில் விழும் ஓரிரு மழையை நம்பி உளுந்தையும் பாசிப்பயற்றையும் விதைத்துவிடுவர். விதைப்பு மழைக்கும் பருவமழைக்கும் இடையே வானம் பொய்க்குமாயின் மேன்மண் இரண்டங்குலம் சாம்பல்போல் ஆகிவிடும். உளுந்தோ இளமையில் மெல்ல வளர்வது. முதல் முப்பது நாட்களிற் சாரணையும் கோரையும் கானாங்கோழையும் அதனை எளிதில் முந்திக்கொள்ளும். பூக்கத் தொடங்கியபின் வயலுள் ஆள் இறங்கினாலோ பூவும் பிஞ்சும் உதிரும். ஆகலின், மருந்தடிப்பதா, கொத்துவதா, எப்போது என்னும் முடிவு அக்காய்ந்த இடைவெளியிலேயே செய்யப்படல் வேண்டும்.

எந்தையார் சென்ற புரட்டாசியில் மருந்தென்று முடிவு செய்தார். விதைத்த மூன்றாம் நாள் பெண்டிமெத்தலின் தெளிக்க என்று கடைக்காரர் கூறினார்; மூன்றாம் நாளே தெளித்தாயிற்று. எம் ஆச்சி மட்டும் வரப்பில் நின்று ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்து, “உருண்டை பிடிக்காத மண்ணில் மருந்து எங்கே நிற்கும்?” என்றார். அவர் சொல்லை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. யாமும் பொருட்படுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பதின்மூன்று நாள் மழையில்லை. பின்னர்ப் பெய்த மழையிற் சாரணை பாய் விரித்தாற்போற் படர்ந்தது. ஆறு மூடை கண்ட நிலம் இரண்டரை மூடை தந்தது.

மருந்து போலியோ என்று முதலில் ஐயுற்றோம். அதன் இயல்பைக் கற்றபின் அவ்வையம் நீங்கிற்று. முளைக்கும் விதையின் வேர்நுனியிலும் குருத்துநுனியிலும் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதை அம்மருந்து தடுக்கும். முளைத்துத் தழைத்த செடியை ஒன்றுஞ் செய்யாது. நீரில் அது கரைவது மிக அரிது. ஒரு லிட்டர் நீரிற் கரைவது ஏறத்தாழ ஒரு மில்லிகிராமின் மூன்றிலொரு பங்கே. களிமண் துகளை இறுகப் பற்றிக்கொள்ளும். வெப்பமேறிய மண்மீது வாளா கிடப்பின் ஒரு பகுதி ஆவியாய்ப் போம்; ஒரு பகுதி வெயிலொளியிற் சிதையும். தெளித்த சின்னாட்களுள் மழையேனும் பாய்ச்சும் நீரேனும் அதனை மேன்மண்ணுள் இறக்கினாலன்றிக் களைவிதை முளைக்கும் இடத்தை அது சென்றடைவதில்லை.

தெளிக்குங்கால் நீர் கலக்கின்றோமே, அந்நீர் போதாதோ எனின், கணக்கிட்டுக் காண்போம். ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் நீரிற் கலந்து தெளிப்பது வழக்கம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரிற் சொரிவதோ 10,000 லிட்டர். தெளிப்பான் தருவது அதில் இருபதிலொரு பங்கு. தூறலென்று நாம் பொருட்படுத்தாது விடும் மழையும் அதனினும் பெரிது! கிணறுள்ளார் நீர் பாய்ச்சித் தெளிப்பாராயின் அம்மருந்து நற்பயன் தரும். அதனை யாம் மறுக்கவில்லை. நீர்வசதியுள்ளார்க்குச் சொன்ன நாட்கணக்கை மானாவாரிக்காரரும் அவ்வாறே கைக்கொள்வதே பிழை.

மழை வந்தபின் அடிக்கும் மருந்தும் உண்டே என்பர். இமாசெத்தாபிர் போல்வன, களை இரண்டு மூன்று இலை விட்ட பருவத்து அடிக்கப்படுவன. அவையும் களை செழித்து வளருங்காலத்தேதான் நன்கு ஏறும். வறட்சியிற் கிடக்கும் களையின் இலைமேல் மெழுகுப்படலம் தடித்து மருந்தை உட்புகவிடாது. அன்றியும் காய்ந்த மண்ணில் அம்மருந்து சிதைவது மெதுவாகலின், எச்சம் தங்கி, அடுத்து விதைக்கும் சோளத்தையும் பருத்தியையும் தாக்கவுங்கூடும்.

இனி, எம் துணிபைக் கூறுவோம். மண் ஈரமாயிருக்குங்கால் மருந்தை நினைக்க. காய்ந்திருக்குங்காற் களைக்கொத்தியை எடுக்க. ஈரக் கரிசலிற் கருவி ஓடாது, களி அப்பிக்கொள்ளும், வெட்டுண்ட கானாங்கோழையும் கணுவில் மீண்டும் வேர்விடும். காய்ந்த மண்ணிலோ காலையில் வெட்டிய களை மாலைக்குட் சருகாகிவிடும். மருந்துக்குப் பகையான வெயில் கொத்திக்குத் துணையாதல் காண்க. கொத்துங்கால் மேன்மண் புழுதியாகி ஒரு போர்வைபோல் மூடிக் கரிசலின் வெடிப்புக்களை அடைத்தலால் அடியீரமும் ஓரளவு காக்கப்படும். ஆயின் இரண்டங்குலத்திற்குமேல் ஆழ்த்தலாகாது. ஆழ்த்தினால் ஈரமண் மேலே வந்து உலரும். புதிய களைவிதைகளும் மேலெழும். உளுந்தின் வேரும் அறுபடும்.

இதற்கு ஒரு தடையுண்டு. கையால் வீசி விதைத்த நிலத்திற் கொத்தி ஓட இடமேது? வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் விட்டு விதைத்தாலன்றி இம்முறை கைகூடாது. ஆகவே களையைப் பற்றிய முடிவு விதைக்கும் நாளிலேயே பாதி செய்யப்பட்டுவிடுகின்றது. வரிசையினுள்ளே செடியோடு செடியாய் நிற்பதைக் கையாற் பறித்தலே வழி. கோரைக்கோ கிழங்கிருத்தலால், மேலே வெட்டினும் மீண்டும் தளிர்க்கும். பெண்டிமெத்தலினுக்கும் அஃது அஞ்சாது. கோடையுழவிற் கிழங்கை மேலே புரட்டி வெயிலுக்கு இடுதலே அதற்குச் செய்யத்தக்கது.

திருக்குறளின் உழவு அதிகாரத்து எரு இடுதலுக்கும் நீர் விடுதலுக்கும் இடையே களை கட்டலை வைத்திருத்தல் எம் வகுப்பார் அறிந்ததே. அங்குக் கட்டல் என்பது களைதல். திருவிழா ‘களைகட்டியது’ என்று இக்காலத்தார் கூறும் களை வேறு. மற்று, களையையும் கோதுமையையும் அறுப்புவரை ஒருங்கே வளரவிடுக என்ற நற்செய்தி உவமையைக் காட்டி எம்மை மடக்க முயன்றார் ஒரு நண்பர். இளமையில் கோதுமையினின்று பிரித்தறிதற்கரிய களையைப் பற்றியது அது. உளுந்தைச் சாரணையென்று மயங்குவார் எம் ஊரில் இல்லை.

வலிய மறுப்பு ஒன்றுண்டு. அதனை யாம் மறைக்க விரும்பவில்லை. களையெடுக்க ஆள் எங்கே? முன்னாளிற் பெண்டிர் பலர் நிரையாயிறங்கிக் களைந்தனர். பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மடியிற் கட்டிச் சென்றனர். இன்று சாத்தூர், சிவகாசி, கோவிற்பட்டிப் பக்கங்களில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அவர்க்கு வேலை தருகின்றன. நாளெல்லாம் குனிந்து வெயிலிற் களையெடுப்பாரைப் பார்த்து, அங்குச் செல்லற்க என்று கூற எமக்கு நா எழாது. குனிந்து களைந்த எவரும் தம் மகளும் அவ்வாறே குனியவேண்டுமென்று விரும்பியதை யாம் கண்டதில்லை. இவ்விடர்க்கு அஞ்சியே உழவர் மருந்துக்கடையை நாடுகின்றனர். அவரைச் சோம்பரென்று பழிப்பது அறியாமை. நின்றபடி தள்ளும் சக்கரக் களைக்கொத்தி இவ்விடரைக் குறைக்கும், முற்றும் நீக்காது. அதனை வாங்க இயலாத சிறு நிலத்தார் நால்வர் ஐவர் கூடி ஒன்று வாங்கி முறைவைத்து ஓட்டலாம். ஆனால் எல்லார் நிலத்திலும் ஒரே வாரத்திற் களை முளைக்குமே என்று எந்தையார் கேட்டார். அக்கேள்விக்கு எம்மிடம் முழு விடையில்லை.

வரும் புரட்டாசிக்கு ஓர் ஏக்கரை வரிசையாக விதைப்பதென்றும், மருந்தை முன்னரே வாங்கிவையாது மண் உருண்டை பிடிக்கும் நாளிலன்றித் தொடுவதில்லையென்றும் வீட்டில் முடிவாயிற்று. உருண்டை பிடித்துப் பார்க்கும் பொறுப்பு ஆச்சியிடம் ஒப்புவிக்கப்பட்டிருக்கின்றது. விதைத்த பதினைந்தாம் நாளையொட்டி முதற்கொத்து வரும். தீபாவளிக்குக் கல்லூரி எத்தனை நாள் விடுமுறை என்று ஆச்சி கேட்டு அனுப்பியிருக்கின்றார். ஏன் கேட்கின்றார் என்பது எமக்குத் தெரியும்.