துரை பங்களாவும் லயனும்

பொகவந்தலாவையை அடுத்த டின்சின் தோட்டத்துத் துரை பங்களா 1888 ஆம் ஆண்டில் எழுந்தது. கோப்பி நோயால் மடிய, தேயிலை தலையெடுத்த காலம் அது. அகன்ற தாழ்வாரமும் கணப்படுப்பும் கெடாது புதுக்கப்பெற்று, 2005 முதல் விருந்தினர் மாளிகையாக விளங்குகின்றது. நற்பணியே, யாம் குறை கூறோம். ஆயின் தேயிலையை வளர்த்த குடும்பம் உறங்கிய லயன் அறையோ பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அங்கே இன்னும் வாழ்வோர்க்கு வேண்டுவது புது வீடு, பழஞ்சுவர்க் காப்பன்று. எனினும் அவ்வீடுகள் எழுந்தபின் ஒரு லயனையேனும், இஸ்தோப்பும் அடுப்பும் உள்ளபடியே, பங்களாவுக்கு அண்மையில் விட்டுவைத்தல் வேண்டும். கம்பளைக்கு அருகே பழைய லயனொன்று தொழிலாளர் நூதனசாலையாகி வழிகாட்டியுள்ளது. தோட்ட நிருவாகத்தில் அமர்ந்துள்ள நம் பழைய மாணவர்கள் இதனை முயல்வார்களாக.